அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஊர்

வணக்கம் நேயர்களே.

கப்பல் சுற்றுலா விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். எந்த நாள் எந்த ஊர் என்று ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள். அதில் 'பெர்லின்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொடியாக 'வார்னமுண்டே' என்று இருக்கும். 'பாரிஸ்' என்று இருந்தால் அடைப்புக்குறிக்குள் 'லெ ஆவ்ர்'. 'ஃபுளோரன்ஸ்' என்று இருந்தால் 'லிவோர்னோ'. பெர்லினில் கடல் ஏது? கப்பல் போய் நிற்பது அடைப்புக்குறிக்குள் இருக்கிற ஊரில்தான். பணம் கட்டியவர்களில் பலர் அந்த ஊரில் கால் வைத்த கையோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். அப்படி ஏற வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கப்பல் காலை 7 மணிக்குக் கரை தொடுகிறது, இரவு 8 மணிக்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். அதிகாரிகள் அனுமதி கொடுத்து, இறங்கும் பாலம் திறந்து, நீங்கள் பஸ்ஸில் உட்காரும்போது மணி எட்டு. வார்னமுண்டேயிலிருந்து பெர்லினுக்கு ஒரு பக்கம் மூன்று மணி நேரம். போய்ச் சேரும்போது பதினொன்று. இரவு ஏழரைக்கு எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும், அதனால் நாலு மணிக்கே பெர்லினை விட்டுக் கிளம்ப வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் கையில் மிஞ்சுவது நாலு மணி நேரம். ஆறு மணி நேரம் பஸ் ஜன்னல், நாலு மணி நேரம் பெர்லின். அந்த ஊருக்கு அது எந்த மூலைக்கு?

சரி, பஸ் ஏறவில்லை. ஜெர்மனியின் பால்டிக் கடல் கரையில் இருக்கும் வார்னமுண்டேயில் என்ன இருக்கிறது?

கப்பல் நிற்கும் இடத்திலிருந்து ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். பெட்டி படுக்கை இல்லாதவர்களுக்குச் சில நிமிடம். அங்கிருந்து ரோஸ்டாக் நகரத்துக்கு எஸ்-பான் என்கிற உள்ளூர் ரயில் ஓடுகிறது, இருபது நிமிடப் பயணம். ஒன்றைக் கவனியுங்கள். ரோஸ்டாக் ரயில் நிலையம் பழைய ஊரின் நடுவில் இல்லை, கொஞ்சம் தெற்கே தள்ளி இருக்கிறது. இறங்கியதும் டிராம் பிடித்து 'நோயர் மார்க்ட்' என்ற சதுக்கத்துக்குப் போக வேண்டும். அதை ஒட்டியே மரியன் தேவாலயம்.

அதற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1472-ல் ஹான்ஸ் டியூரிங்கர் என்பவர் செய்தது. ஆளைவிடப் பல மடங்கு உயரம், கிட்டத்தட்ட 11 மீட்டர். இன்றைக்கும் பழைய இயந்திரத்தில்தான் ஓடுகிறது, கையால்தான் முறுக்கிவிடுகிறார்கள். மேலே மணி காட்டும் வட்டம், கீழே நாள்காட்டி வட்டம். அந்த நாள்காட்டி வட்டம் ஒரு பெரிய தட்டு. அதில் தேதியும் ஈஸ்டர் பண்டிகை எந்த நாளில் வரும் என்பதும் எழுதியிருக்கும். ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகிற பண்டிகை. அதனால் ஒரு தட்டை நூற்றுச் சொச்சம் வருடத்துக்குக் கணக்குப் போட்டு எழுதுவார்கள். முன்பிருந்த தட்டு 1885-லிருந்து 2017 வரைக்கும். அது முடிந்து 2018-ல் புதுத் தட்டு மாட்டினார்கள். அது 2150 வரைக்கும் செல்லும். அதை எழுதி மாட்டியவர்களில் ஒருவர்கூட அது தீர்வதைப் பார்க்கப் போவதில்லை.

பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உச்சியில் ஒரு சின்னக் கதவு திறக்கும். சீடர் பொம்மைகள் வரிசையாக வந்து இயேசுவின் முன்னால் ஆசி வாங்கிக்கொண்டு உள்ளே போகும். கடைசியாக வருபவர் யூதாஸ். அவர் வாசலுக்கு வரும்போது கதவு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான், ஓரிரு நிமிட வேலை. பதினொன்றே முக்காலுக்கே உள்ளே போய்க் கழுத்தை நிமிர்த்தி நில்லுங்கள். பன்னிரண்டு ஐந்துக்குப் போனால் வெறும் கதவைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இதுவே பெர்லின் பஸ்ஸில் போனவர்களுக்குப் பன்னிரண்டு மணி சிக்னலில்தான் கழிந்திருக்கும்.

அங்கிருந்து திரும்பி வந்தால் வார்னமுண்டே கடற்கரை. மணலில் வரிசை வரிசையாகப் பிரம்புக் கூண்டு நாற்காலிகள் நிற்கும். முதுகுப் பக்கமும் தலைக்கு மேலும் மூடிய, இரண்டு பேர் உட்காரும் கூடை. இது பிறந்ததே இந்த ஊரில்தான். 1882-ல் எல்ஃப்ரீடே ஃபோன் மால்ட்சான் என்ற மூதாட்டி வாத நோயால் அவதிப்பட்டார், ஆனால் கடற்கரையில் உட்கார ஆசை. காற்றும் வெயிலும் படாதபடி ஒரு நாற்காலி செய்துகொடு என்று ரோஸ்டாக்கில் கூடை முடைகிற வில்ஹெல்ம் பார்ட்டெல்மானிடம் கேட்டார். அவர் ஒருவர் உட்காரும் கூடை ஒன்றை முடைந்து கொடுத்தார். பார்த்தவர்கள் துணிக்கூடையை நிமிர்த்தி வைத்தது போல் இருக்கிறது என்று சிரித்தார்கள். அடுத்த வருடமே இருவர் உட்காருவது வந்தது. பார்ட்டெல்மானின் மனைவி கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் அவற்றை வாடகைக்கு விடத் தொடங்கினார். பார்ட்டெல்மான் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் முடைந்துகொண்டார்கள். இன்றும் வாடகைக்குக் கிடைக்கும். பால்டிக் கடல் காற்று கோடையிலும் குளிரும், அதனால் கூடையின் முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்காருங்கள். கடலைப் பார்த்துத்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்தால் காது அடைத்துக்கொள்ளும்.

குழந்தைகள் கூட இருந்தால் ரோஸ்டாக்கில் ரயில் மாறி பாட் டோபெரான் போங்கள். அங்கே 'மொல்லி' என்று ஒரு நீராவி ரயில், 1886-லிருந்து ஓடுகிறது. ஊர்க் கடைத்தெருவின் நடுவிலேயே மணி அடித்துக்கொண்டு போகும். முழுத் தூரம் 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு பக்கம் முக்கால் மணி நேரம். ரயில் மாறும் நேரத்தையும் சேர்த்து, போய்த் திரும்ப ஐந்து மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். அதையும் பன்னிரண்டு மணிக் கடிகாரத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள்.

நேரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. கரையில் இன்னொரு நேரம் இருக்கலாம். கைப்பேசி தானாக நேரம் மாற்றிக்கொள்ளும், நடுக்கடலில் எந்தக் கோபுரத்தைப் பிடித்ததோ அந்த நேரத்தைக் காட்டும். தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். அதனால் கப்பலில் கொடுக்கும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சடித்திருக்கும் துறைமுக ஏஜெண்டின், அதாவது அந்த ஊரில் கப்பலின் வேலைகளைக் கவனிப்பவரின், தொலைபேசி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

இனி, கப்பல் கரையைத் தொடாத ஊர்கள். சின்ன ஊர்கள் பல இப்படித்தான். கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், லைஃப்போட்டுகளை இறக்கி அவற்றிலேயே ஆட்களைக் கொண்டு போவார்கள். இதற்கு டெண்டர் என்று பெயர். கணக்குப் போடுங்கள்: இறங்குபவர்கள் இரண்டாயிரம் பேர். நாலு படகு, படகுக்கு நூறு பேர். ஏற்றி, போய், இறக்கி, திரும்பி வர ஒரு மணி நேரம் என்றால் மணிக்கு நானூறு பேர். கடைசி ஆள் கரை ஏற ஐந்து மணி நேரம். இதைத் தெரியாமல் ஒன்பது மணிக்கு நிதானமாக இட்லி இல்லாத காலை உணவை முடித்துவிட்டு வருகிறவர்கள் மதியம்தான் இறங்குவார்கள். வாசல் திறந்ததும் டோக்கன் வாங்கி முதல் படகுகளில் போங்கள், இல்லையா, கூட்டம் வடிந்த பிறகு போங்கள். நடுவில் போகாதீர்கள்.

டெண்டரில் இன்னொரு வம்பு, காற்று. அட்லாண்டிக்கின் தென்கோடியில் ஃபாக்லாந்து தீவுகள், தலைநகர் ஸ்டான்லி. பெரிய கப்பல்கள் ஊர்த் துறைமுகத்துக்குள் நுழைவதில்லை. வெளியே போர்ட் வில்லியம் என்ற இடத்தில் நிற்கும், படகு ஒரு குறுகிய வாய் வழியாக உள்ளே வரும். மேற்குக் காற்று எழுந்துவிட்டால் படகு இறக்க மாட்டார்கள். காலையில் சரியாக இருந்து மதியம் எழுந்தால் இன்னும் மோசம், கரைக்குப் போனவர்கள் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். அதனால் ஸ்டான்லியில் இறங்கும்போது மருந்து மாத்திரை, கம்பளிச் சட்டை, மழைக் கோட்டு மூன்றும் கையில் இருக்க வேண்டும், வெயில் அடித்தாலும் சரி.

அங்கே வாலண்டியர் பாயிண்ட் என்ற இடத்தில் ராஜப் பெங்குவின்கள் கூட்டமாக இருக்கின்றன. ஒரு பக்கம் இரண்டரை மணி நேரம், கடைசிப் பகுதியில் சாலையே கிடையாது, சதுப்பில் ஜீப் ஆடி ஆடிப் போகும். முதுகுவலிக்காரர்கள் யோசியுங்கள். முதல் படகு கிடைக்காவிட்டால் அந்தத் திட்டத்தையே விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் ஜிப்ஸி கோவ் இருக்கிறது. அங்கே மெகல்லன் பெங்குவின்கள் வளைக்குள்ளிருந்து தலை நீட்டும். பக்கத்து யார்க் விரிகுடாவில், பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 போரில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். 2020-ல்தான் தோண்டி எடுத்து முடித்து மக்களை விட்டார்கள்.

நெப்போலியனைச் சிறை வைத்த செயின்ட் ஹெலினாவும் இந்த வகைதான். ஜேம்ஸ்டவுன் படித்துறையில் தலைக்கு மேலே ஒரு கம்பி, அதிலிருந்து கயிறுகள் தொங்கும். கடல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், படகும் அதோடு ஏறி இறங்கும். அலை படகை உச்சிக்குத் தூக்கும் கணத்தில் கயிற்றைப் பிடித்துப் படியில் கால் வைக்க வேண்டும். படகு இறங்கும்போது வைத்தால் படி மேலே போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் கீழே போய்க்கொண்டே இருப்பீர்கள். பை முதுகில், இரண்டு கையும் காலியாக. உதவிக்கு நிற்பவர் கை நீட்டினால் விரலைப் பிடிக்காதீர்கள், ஈரக்கை வழுக்கும். அவர் மணிக்கட்டை நீங்கள், உங்கள் மணிக்கட்டை அவர். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் டெண்டர் ஊர் எது என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். ஏறிவிட்டால் எதிரே 699 படி உள்ள ஜேக்கப் ஏணி. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் வலிக்கும்.

லெ ஆவ்ரைச் சுருக்கமாக. 1944-ல் குண்டு வீசி ஊரின் நடுப்பகுதி தரைமட்டம். ஒகுஸ்ட் பெரே என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டிலேயே திரும்பக் கட்டினார், 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. செயின்ட் ஜோசப் தேவாலயத்தின் 107 மீட்டர் கோபுரம் முழுக்க வண்ணக் கண்ணாடி. வெயில் நகர நகரத் தரையில் நிறம் நகரும். பாரிஸ் பஸ்ஸில் போனவர்களுக்கு அது கிடைக்காது.

மாண்டினீக்ரோவின் கோடோர். இங்கே நம்மவர்களுக்கு ஒரு விசா சங்கதி. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஏற்பாட்டுக்கு ஷெங்கன் என்று பெயர், மாண்டினீக்ரோ ஷெங்கன் நாடல்ல. இத்தாலியில் ஏறி, கோடோர் பார்த்து, கிரீஸில் இறங்கினால் ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வந்ததாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசா வைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். மல்டிபிள் என்ட்ரி கேட்டு வாங்குங்கள். குரோஷியா 2023-லிருந்து ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, அதனால் பழைய ஆலோசனைகளை நம்ப வேண்டாம். கோடோர் கோட்டைக்கு ஏறத்தாழ 1350 படிகள், தேய்ந்த சுண்ணாம்புக்கல், மழை பெய்தால் வழுக்கும். காலிலேயே கண் இருக்க வேண்டிய பாதை. ஏற முடியாதவர்கள் 12 கிலோமீட்டரில் பெராஸ்ட் போய்ப் படகில் ஐந்து நிமிடம் சென்றால் ஒரு தீவு, கற்களைக் கடலில் போட்டுப் போட்டு மனிதர்களே உண்டாக்கியது. அங்குள்ள தேவாலயத்தில் ஒரு பூத்தையல் படம். கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்த பெண் இருபத்தைந்து வருடம் தைத்தாள் என்பார்கள். தேவதைகளின் தலைமுடிக்குத் தன் முடியையே நூலாக்கினாளாம். கிட்டப் போய்ப் பாருங்கள், ஒரு பக்கத்துத் தேவதைகளுக்கு முடி பழுப்பு, இன்னொரு பக்கத்தில் நரைத்திருக்கும்.

மணி முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். நம் பக்கத்து வழியைச் சொல்லாமல் போகக்கூடாது, ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து 2023 ஜூனில் கப்பல் விட ஆரம்பித்தார்கள்: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. திருகோணமலையில் கோணேசர் கோயில் கோட்டைக்குள், கடல்மேல் நிற்கும் சுவாமி மலையில். மதியம் நடை சாத்துவார்கள், கப்பல் நேரத்தோடு ஒப்பிட்டு முதலில் கோயில், அப்புறம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். காங்கேசன்துறையில் இறங்குபவர்கள் கீரிமலைக் கேணியைப் பார்த்துவிட்டு நல்லூர் போகலாம், ஆண்கள் அங்கே சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், அதனால் வேட்டி கட்டிக்கொண்டே இறங்குங்கள். நன்றி, வணக்கம்.