வீட்டில் என்ன குடிக்கிறீர்கள்? ஆஸ்பத்திரிப் படிவத்தில் இல்லாத கேள்வி

(காட்சி: வேலியோரம் படர்ந்த கொடி. ஒரு கை இலையொன்றைக் கிள்ளுகிறது.)

வணக்கம். இந்த இலையை யாழ்ப்பாணத்தில் பலருக்கும் தெரியும். குறிஞ்சா. வறையாகச் சாப்பிட்டிருப்பீர்கள். கைப்புத் தாங்காமல் தேங்காய்ப்பூவை இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சின்ன வயதில் அடம்பிடித்தும் இருப்பீர்கள். இப்போது ஒரு இலையைப் பச்சையாகவே வாயில் போட்டு மெல்லுகிறேன். நன்றாக மென்று, சாறு நாக்கு முழுக்கப் படவேண்டும். சரி. இனி ஒரு கரண்டி சீனி.

இனிப்பே இல்லை. மணலை அள்ளி வாயில் போட்டதுபோல் இருக்கிறது.

இந்த இலையில் ஜிம்னெமிக் அமிலங்கள் இருக்கின்றன. நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அவை கொஞ்ச நேரம் அடைத்துவிடும். பிறகு சுவை தானாகத் திரும்பிவிடும். இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் தன்மையும் இந்த இலைக்கு உண்டா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்திலோ நீரிழிவுக்குக் குறிஞ்சா மிகப் பழைய மருந்து.

என் அம்மம்மாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். காலையில் கிளினிக் குளிசை போடுவார். அதோடு ஒரு கரண்டி குறிஞ்சாப் பொடியும் சுடுதண்ணீரில் கலந்து குடிப்பார். ஒருநாள் விடியப்புறம் எழுப்பப் போனால் உடம்பெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. சீனி அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் என்ன குளிசை போடுகிறார் என்று கேட்டார்கள், கிளினிக் கொப்பியைக் காட்டினோம். பொடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. அதற்கு முன்பு ஒருமுறை, இன்னோர் இடத்தில், நாட்டு மருந்து குடிப்பதாகச் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியவர் அம்மம்மா.

அந்த மௌனத்தை வைத்துக்கொண்டுதான் இன்றைய விடயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிச் சேவையின் தரத்தை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்? அங்கே வேலை செய்பவர்களின் நிலை அதில் தெரிகிறதா? இந்த இலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

(காட்சி: கிளினிக் வாங்கில் வரிசையாக அமர்ந்திருக்கும் முதியவர்கள். மடியில் பிளாஸ்ரிக் பையில் சுற்றிய கொப்பிகள்.)

சேவைத் தரம் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் சேர்வ்குவால். பரசுராமன், சைதாம்ல், பெரி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட அளவுகோல் அது. அதில் 22 கூற்றுகள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்பார்கள். நல்ல சேவை எப்படி இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பது முதல் தடவை. உங்களுக்கு உண்மையில் எப்படிக் கிடைத்தது என்பது இரண்டாவது தடவை. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவதுதான் இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த 22 கூற்றும் ஐந்து பக்கங்களைத் தொடும். கண்ணுக்குத் தெரிவது ஒன்று: கட்டடம், கட்டில், மலசலகூடத்தின் சுத்தம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்களா என்பது நம்பகம். கூப்பிட்டவுடன் வருகிறார்களா என்பது இன்னொன்று. இவர்களுக்கு வேலை தெரியும் என்ற தைரியத்தை நோயாளிக்குத் தருவது நான்காவது. ஐந்தாவது பரிவு, அதாவது என்னை ஓர் ஆளாகப் பார்த்தார்களா என்பது.

இந்த அளவுகோல் பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல. வங்கி, கடன் அட்டை, பழுதுபார்க்கும் சேவை போன்றவற்றின் வாடிக்கையாளர்களை வைத்து உருவாக்கி, பிறகுதான் அதை வார்டுக்குள் கொண்டுவந்தார்கள். வங்கியில் கோபம் வந்தால் அடுத்த வங்கிக்குப் போகலாம். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் ஒருவர் எங்கே போவார்? மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போதும் அவர் மனம் திரும்பிப் போகும் படகில்தான் இருக்கும். அந்த ஒரு மணிநேரத் தாமதமும் ஆஸ்பத்திரி வீதியில் குடியிருப்பவரின் ஒரு மணிநேரத் தாமதமும் படிவத்தில் ஒரே எண்ணாகத்தான் விழும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கழித்தலில் இருக்கிறது. 7 புள்ளி எதிர்பார்த்து 5 புள்ளி அளவுக்குக் கிடைத்தவருக்கு விடை −2. வெறும் 3 எதிர்பார்த்து அதே 5 கிடைத்தவருக்கு +2. கிடைத்தது ஒன்றுதான், ஆனால் ஒருவருக்குக் குறை, மற்றவருக்கு நிறைவு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ஒரு பனடோலுக்கு அலைந்த தலைமுறை இன்றும் நம் கிளினிக் வாங்குகளில் இருக்கிறது. அவர்களுடைய எதிர்பார்ப்பு எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். "ஓம் பிள்ளை, எல்லாம் நல்லம், ஒரு குறையும் இல்லை." அந்தப் பதிலில் நன்றி இருக்கிறது, நிறையப் பொறுமையும் இருக்கிறது. அதை அப்படியே தரம் என்று எண்ணிவிட்டால் நாங்கள் அந்த ஆச்சிக்குத் துரோகம் செய்கிறோம். எதிர்பார்ப்பைக் கேட்காமல் கிடைத்ததை மட்டும் அளந்தாலே போதும் என்று 1992இல் குரோனின், டெய்லர் என்ற இருவர் வாதிட்டதற்கும் இந்தக் கழித்தலின் சிக்கல் ஒரு காரணம்.

(காட்சி: இரவு. தாதியர் மேசையில் ஒரு விளக்கு. நோயாளர் குறிப்புகள் அடுக்கிக் கிடக்கின்றன.)

அப்புறம், அந்த ஐந்தில் கட்டடத்தை விட்டுப் பாருங்கள். மிச்சம் நான்கும் மனிதர்களிடமிருந்து வரவேண்டியவை. பரிவைத் திறைசேரியில் ஒதுக்கீடு எடுத்து வாங்க முடியாது. இரண்டு பேர் செய்யவேண்டிய இரவுக் கடமையைத் தனியாகச் செய்து முடித்த ஒரு மிஸியிடமிருந்துதான் அது வரவேண்டும்.

வேலைக் களைப்பை அளக்கவும் ஓர் அளவுகோல் இருக்கிறது. கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்டது. அதிலும் 22 கூற்றுகள்தான். தற்செயல்தான், ஆனாலும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும். மஸ்லாக் மூன்று விடயங்களைப் பார்க்கிறார். மனம் வற்றிப்போகும் சோர்வு முதலாவது. எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போவது இரண்டாவது. 'சின்னத்துரை ஐயா' என்பவர் மெல்ல மெல்லப் '12ஆம் கட்டில்' ஆகிவிடுவார். என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம் மூன்றாவது. இந்த இரண்டாவது இருக்கிறதே, அது நோயாளியின் தாளில் 'பரிவு' என்று கேட்கப்படுவதன் மறுபக்கம். நோயாளி அந்த இடத்தில் குறைந்த புள்ளி போட்டால், காரணத்தைத் தாதியின் குணத்தில் தேடுவதற்கு முன்பு அவருடைய கடமைப் பட்டியலில் தேடவேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மாரும் தாதியரும் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது நாம் எல்லோரும் கண்டது. போனவர்களின் வேலை போகவில்லை. அது நின்றவர்களின் தோளில் ஏறியது.

சரி, இனி மருந்துச் செடிகள். இதில் கொஞ்சம் ஆறுதலாக நிற்போம்.

(காட்சி: ஒரு கோயில் வீதியில் பூத்திருக்கும் நித்தியகல்யாணி.)

பட்டிப்பூ என்றும் சொல்வார்கள், நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். இதில் இருந்து 1950களின் பிற்பகுதியில் பிரித்தெடுத்த வின்பிளாஸ்ரின், அதன் பின் வந்த வின்கிறிஸ்ரின் ஆகியவை இன்றும் புற்றுநோய் மருந்துகள். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஊசியில் ஏற்றுவதில் இந்தப் பூச்செடியின் பங்கும் இருக்கிறது. ஆடாதோடை இன்னொன்று. இருமலுக்கு இலையை அவித்துக் குடிப்போம். அதில் இருக்கும் வாசிசினை முன்மாதிரியாக வைத்து உருவாக்கிய புரோம்ஹெக்சின்தான் பல இருமல் பாணிகளில் இருக்கிறது.

கார்த்திகைப்பூவையும் எடுங்கள். அதில் கொல்கிசின் இருக்கிறது. கீல்வாதத்தின் ஒரு வகைக்கு அது குளிசையாகவே வருகிறது. ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அங்கே ஒரு மயிரிழைதான். செடி முழுதும் நஞ்சு, கிழங்கில் அதிகம். வேறு கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிராபத்துக்கு உள்ளானவர்கள் இலங்கையில் உண்டு. சித்தர் மரபிலும் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கமாட்டார்கள். செடி என்றால் தீங்கில்லை என்று நினைப்பது நாட்டு மருத்துவத்துக்கே எதிரானது. நல்ல பரியாரியார் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டில் குடிப்பதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அம்மம்மாவை விடத் தெளிவான உதாரணம் டெங்கு வார்டு. மாரிமழையோடு காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி, வேர்க்கொம்பு அவித்துக் கொடுப்பது நம் வழக்கம். கெட்ட பழக்கமே இல்லை. ஆனால் டெங்கு நோயாளிக்கு உள்ளே போகும் ஒவ்வொரு மில்லிலீற்றரையும், சிறுநீராக வெளியே வரும் ஒவ்வொரு மில்லிலீற்றரையும் தாளில் எழுதுவார்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த ஒன்றிரண்டு நாளில் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. பார்வை நேரத்தில் அம்மா பிளாஸ்கில் கொண்டுவந்து ஊட்டிய கொத்தமல்லித் தண்ணீர் அந்தத் தாளில் இல்லை. அதோடு சிவப்பு, மண்ணிற பானங்களைக் கொடுக்கவேண்டாம் என்று டெங்குவுக்குச் சொல்வார்கள். பிள்ளை சத்தியெடுத்தால் அந்த நிறம் இரத்தமா, குடித்த தண்ணீரா என்று பிரித்தறிய முடியாது. அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லுவதற்கோ, ஏச்சு விழாது என்ற நம்பிக்கை வேண்டும்.

ஆகவே பரிவு என்பது சிரித்த முகம் மட்டும் இல்லை. மருந்தின் அளவைச் சரியாக முடிவுசெய்யத் தேவையான தகவல் அந்த வழியாகத்தான் வருகிறது.

1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் இதை அன்றே உணர்ந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தவர், மேற்கத்தைய மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே கற்பித்தார். நோயாளியின் பேச்சு வைத்தியரின் காதில் நேராக விழவேண்டும் அல்லவா?

இன்று யாழ் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடம் இருக்கிறது, 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் இருக்கிறது, நாவற்குழிப் பாலம் தாண்டிக் கைதடியில் 1984 முதல் சித்த மருத்துவப் படிப்பு இருக்கிறது. சேவைத் தரத்தை அளப்பவர், ஊழியரின் களைப்பைப் பார்ப்பவர், செடியின் குணத்தைச் சோதிப்பவர் மூவரும் பெரும்பாலும் தனித்தனி வழியில் போகிறார்கள். மூவருக்கும் பதில் சொல்பவர் ஒரே ஆச்சிதான். படிவத்தின் 22க்குக் கீழே 23ஆவதாக ஒன்று சேர்க்கலாமே: "நீங்கள் வீட்டில் குடிக்கும் மருந்தைப் பற்றி இங்கே பயமில்லாமல் சொல்ல முடிந்ததா?"

படிவம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கிளினிக்குப் போகும்போது பொடியோ குடிநீரோ லேகியமோ, என்ன குடிக்கிறீர்களோ அதையும் கொண்டுபோங்கள். யார் தந்தது, எவ்வளவு, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். முடிந்தால் இலையையும் காட்டுங்கள். பெயரை மட்டும் நம்பவேண்டாம். பாவட்டை என்று சிலர் ஆடாதோடையைச் சொல்வார்கள், சிலர் வேறொரு செடியைச் சொல்வார்கள். சத்திரசிகிச்சை இருந்தால் முற்கூட்டியே சொல்லுங்கள். பரியாரியாரிடம் போகும்போது கிளினிக் கொப்பியை அவருக்கும் காட்டுங்கள்.

அம்மம்மாவின் கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் சித்திதான் பொறுக்கமாட்டாமல் சொன்னார். அந்த வார்டில் இருந்த இளம் டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். "அம்மா, அந்தப் பொடி எவ்வளவு போடுறனீங்கள்? இந்தக் கரண்டியாலயா?" என்று மேசையில் இருந்த கரண்டியைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். இவர் குடிக்கும் கிளிக்ளசைட் கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்கவைப்பது, பொடியும் சேர்ந்து, இரவுச் சாப்பாடும் குறைந்ததால் இப்படி ஆகியிருக்கலாம் என்று எங்களுக்கு விளக்கினார். குளிசையின் அளவைக் குறைத்தார்.

பிறகு கிளினிக் கொப்பியைத் திறந்து, ஆங்கிலத்தில் இருந்த குளிசைப் பெயர்களுக்குக் கீழே தமிழில் எழுதினார்: குறிஞ்சாப் பொடி, காலை, ஒரு தேக்கரண்டி.

(காட்சி: அந்தப் பக்கம். மெல்ல அண்மைக்கு.)