இலைக்குக் கீழே காய் பார்த்தாயா?

(திருகோணமலையில் எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவில் பேசியது, எழுத்தில்)

தலைவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலதிக மாவட்டச் செயலாளர் அம்மா அவர்களே, ஆலய அறங்காவலர் சபையினரே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, பங்குத்தந்தை அவர்களே, கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெக்கையில் அதைக் கழற்றி மடியில் வைத்திருப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூலிகையும் ஆய்வுகூடமும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்தேன். ஒரு மூலிகை ஆய்வுகூடத்துக்குள் போனால் என்ன நடக்கிறது. அதில் வரும் காசு யாருக்குப் போகிறது. மூலிகை என்றாலே தீங்கில்லை என்று நாம் நம்புவது சரியா.

அதற்கு முன் ஒரு பழமொழி. ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன். பின்வரிசையில் சிரிப்பவர்கள் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். வகுப்பில் வாரம் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். 'வேரை' என்பதுதான் வாய்மாறி 'பேரை' ஆகிப் பாவம் வைத்தியர்களைக் கொலைகாரர் ஆக்கிவிட்டது என்பது என் கட்சி. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பரியாரியார், நாட்டு வைத்தியர். சொல்லித் தந்த விதத்தைச் சொல்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. மாமாவுக்குச் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை. கண் மஞ்சள், நகம் மஞ்சள். பரியாரியார் வந்து நாடி பார்த்தார். கீழ்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து, இரண்டு கிழமை வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னார். எண்ணெய் இல்லை, மீன் இல்லை. பிடுங்கி வரும் வேலை எனக்கு. முதல் நாள் மாமியே கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் செடியைக் காட்டினார். அடுத்த நாளே கிணற்றடியில் தீர்ந்துவிட்டது. தேடிப் போகலாம்தான், ஆனால் அந்த நேரம் மைதானத்தில் பந்தடி தொடங்கிவிடும். வழியில் ஒரு புளியமரம். மழைக்கு அடியெல்லாம் கன்று முளைத்திருந்தது. காம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன இலை. எனக்கு அது போதும். கை நிறையப் பிடுங்கிக்கொண்டு போனேன். மாமி கண்ணாடி போடாமல் அம்மியில் வைத்து அரைத்தார். மாமா ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா, இண்டைக்கு இப்பிடிப் புளிக்குது?"

"மோர் புளிச்சுப் போச்சுது. கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கோ."

குடித்தார். பதின்மூன்று நாளும் புளியங்கொழுந்து குடித்தார். இரண்டாம் கிழமை முடிவில் கண் வெளுத்து, சூடை மீன் குழம்பு வேண்டும் என்று கேட்டார். வீட்டில் ஒரே சந்தோஷம். பார்க்க வந்த பரியாரியார், அம்மியடியில் கிடந்த ஒரு கொப்பைக் கையில் எடுத்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மட்டும் படலையடிக்குக் கூட்டிப்போய்க் காதைப் பிடித்தார்.

"இலைக்குக் கீழ காய் பாத்தனியோ?"

"இல்லை ஐயா."

"ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன். நீ புளியங்கண்டைக் கொன்று முழு வைத்தியன் ஆகிட்டாய்."

மாமா சாகும்வரை ஊரெல்லாம் கீழ்காய்நெல்லியின் புகழைப் பாடித் திரிந்தார். நான் வாய் திறக்கவில்லை. இப்போது மாமாவும் இல்லை, மாமியும் இல்லை; மேடையில் சொல்கிறேன்.

சரி, மாமாவைச் சுகப்படுத்தியது எது? புளியங்கொழுந்தா, பத்தியமா? செங்கமாரியில் பல, ஓய்வெடுத்தாலே தானாக மாறிவிடும். ஆய்வுகூடக்காரர் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். அதனால்தான் பாதிப் பேருக்கு மருந்தும், மீதிப் பேருக்கு மருந்து போலவே இருக்கும் வெறும் தூளும் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

கீழ்காய்நெல்லியையே அப்படிப் பார்த்தார்கள். சென்னை ஆய்வாளர்கள், ஈரலைத் தாக்கிச் செங்கமாரி வரவைக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரசைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து 1988இல் வெளியிட்ட முடிவு இது: அந்த வைரசைச் சுமந்திருந்தவர்களில் மூலிகை எடுத்த 37 பேரில் 22 பேருக்கு, இரத்தத்தில் அதன் அடையாளம் இல்லாமல் போனது. வெறும் தூள் எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் வரவில்லை. ஏன்? ஒரே பெயரில் நாம் பிடுங்கும் செடியில் பல இனம் இருக்கிறது. எந்த மண்ணில் வளர்ந்தது, எப்போது பிடுங்கியது, எப்படிக் காய வைத்தது என்பதும் சேர்கிறது. இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று விவாதித்தார்கள். பரியாரியார் என் காதைப் பிடித்துக் கேட்டதும் இதுதானே?

சீனாவின் து யூயூ அம்மையார் மலேரியாவுக்கு மருந்து தேடியபோதும் செய்முறைதான் காலை வாரியது. மாசிபத்திரி இனச் செடி ஒன்றைக் காய்ச்சி எடுத்தபோது பலன் நிலைக்கவில்லை. பழைய ஏடு ஒன்றில், நீரில் ஊறவைத்துப் பிழி என்றுதான் இருந்தது, காய்ச்சு என்று இல்லை. சூட்டைக் குறைத்து, ஈதர் என்ற திரவத்தில் 1971இல் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு. எல்லாவற்றையும் எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சிக் குடிநீர் ஆக்கும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

காசு விஷயம். சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்று சொல்லும் கொடியின் கட்டையில் கடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது, நீரிழிவுக்காரருக்கு இந்த நாட்டில் பழைய வைத்தியம். அதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்து 1997இல் வெளியிட்டவர்கள் ஜப்பானியர். குடலில் மாப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. கோப்பை நம்முடையது, கட்டுரை அவர்களுடையது. இதற்கு மேல் பேசினால் எனக்குக் கோபம் வரும். மேலதிக மாவட்டச் செயலாளர் அம்மா முன்னால் அது அழகில்லை.

கோணேசபுரிப் பிள்ளைகள் நாளைக்கு ஆய்வு செய்ய வேண்டும் என்றால் முதலில் செடி வேண்டும். சரியான செடி, பெயர் தெரிந்த செடி, அடுத்த வருசமும் அதே இடத்தில் கிடைக்கும் செடி. நிலாவெளி வீதியில் போய்ப் பாருங்கள். நான் ஆவரசும் சிறுகுறிஞ்சாவும் பிடுங்கிய பற்றைகளில் இன்று மதில். ஆயிரம் வேரைக் கொல்வது இப்போது புல்டோசர். அது கால் வைத்தியன்கூட ஆகாது.

ஆகவே அம்மா அவர்களிடம் கேட்கிறேன். உப்புவெளிப் பக்கம் சும்மா கிடக்கும் அரச காணியில் இரண்டு ஏக்கர் தாருங்கள். மூலிகைத் தோட்டம் போடுவோம். ஒவ்வொரு செடிக்கும் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை, ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பை உலர்த்தி அட்டையில் ஒட்டி இந்த வாசிகசாலையில் ஓர் அலுமாரி. வேலி அடிக்க ஆள் இருக்கிறது, தண்ணீர் ஊற்ற என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கு மட்டும் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும்.

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். மூன்றாவது விஷயம், ஆடுதின்னாப்பாளை சிறுநீரகத்தைக் கெடுக்கும் கதை, நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அடுத்த வருசம் கூப்பிட்டால் சொல்கிறேன். அதுவரை யாரும் அதைக் குடிக்க வேண்டாம்.

மனுவுக்கான கையெழுத்துத் தாள் வாசலில், சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுதிவிட்டுப் பேனையை அங்கேயே வையுங்கள், போன கூட்டத்தில் மூன்று பேனை போய்விட்டது.