யூசர் கன்ட்ரோலுக்கு ப்ராப்பர்ட்டி சேர்த்தல்: மதிப்பு எங்கே தங்குகிறது?

[திரையில்: ஒரே முகவரிப் படிவம் மூன்று பக்கங்களில்]

சென்னையில் வீட்டுக்கே வந்து ரத்த மாதிரி எடுத்துச் செல்லும் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு இணையதளம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தெரு, பகுதி, பின்கோடு ஆகிய பெட்டிகளைப் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப எழுதாமல், மைக்ரோசாஃப்டின் இணையதளக் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் அவற்றை ஒரே யூசர் கன்ட்ரோலாக, அதாவது பல பக்கங்களில் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ஒரு துண்டாக, அமைத்துவிடலாம். ஆனால் மயிலாப்பூர் கிளையின் பக்கத்தில் பின்கோடு 600004 என்றும், அடையாறு கிளையின் பக்கத்தில் 600020 என்றும் முன்பே நிரம்பியிருக்க வேண்டும். பில் பக்கத்திலோ முகவரியை யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும். இந்த வேறுபாடுகளைக் கன்ட்ரோலுக்குத் தெரிவிப்பதற்காகவே, மதிப்பை வாங்கும் செட் பகுதியும் அதைத் திருப்பித் தரும் கெட் பகுதியும் கொண்ட ப்ராப்பர்ட்டி இருக்கிறது.

[திரையில்: கன்ட்ரோலின் சி ஷார்ப் கோப்பு]

கன்ட்ரோலின் கிளாஸில் பப்ளிக் ப்ராப்பர்ட்டியாக அறிவித்ததை, பக்கத்தில் கன்ட்ரோலை வைக்கும் குறிச்சொல்லான டேக்கிலேயே, பெயரும் மதிப்புமாக, அட்ரிபியூட்டாக எழுதலாம். அங்கே எழுதுவது வெறும் எழுத்துச்சரம்தான் என்றாலும், எண், பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்), நிறம் போன்ற வகைகளுக்கு ஏஎஸ்பி டாட் நெட்டே அதை மாற்றிக் கொடுக்கிறது. உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்பாக்ஸையே வெளியே திறந்துவிடுவது சுலபமாகத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாளை அந்த இடத்தில் டிராப்டவுன் வந்தால், அதை நம்பி எழுதிய பக்கங்கள் அனைத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

[திரையில்: முதல் வருகை, அதன்பின் போஸ்ட்பேக்]

பலர் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் பக்கத்தையும் கன்ட்ரோலையும் புதிதாகவே உருவாக்குகிறது. ஆகவே, பூட்டு என்னும் ப்ராப்பர்ட்டியின் மதிப்பைச் சாதாரண பிரைவேட் மாறியில் வைத்து, பக்கத்தின் முதல் வருகையில் மட்டும் கோடில் அதை ட்ரூ ஆக்கினால், பயனர் ஒரு பட்டனை அழுத்திப் பக்கம் சர்வருக்குத் திரும்பியதும் (இதுவே போஸ்ட்பேக்) மாறி மீண்டும் ஃபால்ஸ் ஆகி, பூட்டிய முகவரி திறந்துகொள்ளும். இதைத் தவிர்க்க, செட் பகுதியில் மதிப்பை வியூஸ்டேட்டில், அதாவது போஸ்ட்பேக்குகளுக்கு இடையே மதிப்புகளைக் காக்கும் சேமிப்பில், எழுதி, கெட் பகுதியில் அங்கிருந்தே படியுங்கள். அங்கே ஒன்றும் இல்லாதபோது திருப்பித் தர வேண்டிய இயல்பு மதிப்பையும் கெட் பகுதியிலேயே சொல்லிவிடுங்கள்.

டேக்கில் எழுதிய மதிப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது கன்ட்ரோல் தயாராகும் தொடக்கக் கட்டமான இனிட் நிகழ்வுக்கு முன்பாக, ஒவ்வொரு கோரிக்கையிலும் புதிதாகவே கன்ட்ரோலுக்குப் போய்ச் சேருகிறது. வியூஸ்டேட் மாற்றங்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்குவது அதன் பிறகே என்பதால், அந்த மதிப்பு பக்கத்தின் எடையையும் கூட்டுவதில்லை. பின்கோடு ப்ராப்பர்ட்டிக்கும் தனிச் சேமிப்பு தேவையில்லை: அது உள்ளிருக்கும் டெக்ஸ்ட்பாக்ஸின் டெக்ஸ்ட்டை வாங்கிக் கொடுத்தால் போதும், டெக்ஸ்ட்பாக்ஸ் தன் மதிப்பைத் தானே காத்துக்கொள்ளும். வியூஸ்டேட்டில் இருப்பதெல்லாம் மறைவான ஃபீல்டாகப் பயனரின் பிரவுசருக்குப் போய்த் திரும்புவதால், முழு டேட்டா டேபிளை அதில் திணிப்பது மொபைல் இணைப்பில் இருப்பவரைக் காக்கவைப்பதாகும்.

[திரையில்: லோட், கிளிக், ப்ரீரெண்டர் வரிசை]

ப்ராப்பர்ட்டியைப் படிக்கும் நேரமும் முக்கியம். பக்கத்தின் லோட் முதலிலும், கன்ட்ரோலின் லோட் அடுத்தும், பட்டனின் கிளிக் அதற்குப் பின்னரும் நடக்கின்றன. கன்ட்ரோல் தன் லோட் நிகழ்விலேயே பூட்டைப் படித்துப் பெட்டிகளை அமைத்துவிட்டால், கிளிக் நிகழ்வில் பக்கம் மாற்றிய மதிப்பு திரைக்கு வராமல் போகும். எனவே தோற்றத்தைத் தீர்மானிக்கும் வரிகளை, பக்கம் ஹெச்டிஎம்எல் ஆவதற்கு முந்தைய நிகழ்வான ப்ரீரெண்டரில் எழுதுங்கள்; அது கிளிக்குக்குப் பின்னும், வியூஸ்டேட் சேமிக்கப்படுவதற்கு முன்னும் நடக்கிறது.