சேவைவழிக் கற்றல்: அடுத்த நாட்டுப் பாடத்திட்டம் அப்படியே பொருந்துமா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சேவைவழிக் கற்றலைத் தொடங்க நினைக்கும் கல்லூரிகள் பலவும் முதலில் அமெரிக்கப் பாடத்திட்டத்தைத்தான் எடுத்துப் பார்க்கின்றன. மாணவர் மக்களிடம் போய் வேலை செய்ய வேண்டும், அதைப் பாடத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும், பிறகு தன் அனுபவத்தை எழுத வேண்டும். பட்டறிவே கல்வி என்ற, அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியின் சிந்தனைதான் இதற்கு வேர். அங்கே பெரும்பாலும் மாணவர் தானாக விரும்பி எடுக்கும் பாடம் இது.

மெக்சிகோவில் சங்கதி வேறு. சமூக சேவையை முடிக்காமல் பட்டம் கைக்கு வராது. குறைந்தது 480 மணி நேரம். அதுவும் ஆறு மாதத்துக்குக் குறையாமல், இரண்டு ஆண்டுக்கு மிகாமல். 1936-இல் மருத்துவ மாணவர்களை மருத்துவரே இல்லாத கிராமங்களுக்கு அனுப்பியபோது தொடங்கிய வழக்கம் அது. மக்கள் பணத்தில் படித்தவர் மக்களுக்குக் கடன்பட்டவர் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இப்போது இரண்டு நாட்டு மாணவர்களிடமும் ‘நீ என்ன கொடுத்தாய்?’ என்று கேளுங்கள். ஒருவர் கொடையைச் சொல்வார், மற்றவர் கடனைச் சொல்வார். கட்டாயப்படுத்தினால் அது சேவையாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் 2012 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டாயமானாலும் அது சேவையாகும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மதிப்பீடு. ‘எதில் சங்கடப்பட்டாய், எந்த எண்ணம் மாறியது?’ என்று மாணவரை எழுதச் சொல்கிறோம். ஆசிரியரை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளை, ஆசிரியருக்குப் பிடித்ததைத்தான் எழுதும். அப்படிப்பட்ட இடங்களில் தனி நாட்குறிப்பைவிட, ஆசிரியர் இல்லாமல் மாணவர்கள் கூடிப் பேசுவதில் அதிகம் வெளிவருகிறது.

மக்களிடம் நீட்டும் படிவத்துக்கும் இதே கதிதான். குழந்தைகளுக்கு மாணவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு மையத்தை நினைத்துப் பாருங்கள். அதை நடத்தும் அம்மாவிடம் ‘குறைகள் என்ன?’ என்று கேட்கிறது படிவம். தேடி வந்த பிள்ளைகளைக் குறை சொல்ல அவருக்கு மனம் வராது. ‘எல்லாம் நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்புறம் ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து, “அடுத்த தடவை எப்போது வரலாம்மா?” என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். “பரீட்சை வந்ததும் நின்றுவிடுகிறார்கள். குழந்தைகள் வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பாதியில் விடுவதென்றால் வரவே வேண்டாம், தம்பி.”

அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை அதுதான், படிவத்தில் அது ஏறவே இல்லை.

ஆகவே செமஸ்டர் தேதிகளை முடிவு செய்யும் முன்பே இந்த அம்மாவைப் போன்றவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் வந்துபோகும் செலவைக் கொடுங்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அதையும் ஈடுகட்டுங்கள். துறையின் பட்ஜெட்டில் இதற்கென்று ஒரு தொகை இருக்கட்டும்.