திரைக்கு முன்னால் ஒரு கொப்பி

நேயர்களுக்கு வணக்கம்.

வேலையும் பார்த்துக்கொண்டு பட்டத்துக்கும் படிப்பவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். பொகவந்தலாவையில் இருப்பவர், கண்டிப் பக்கம் ஒரு நாள் வகுப்புக்கு வருவதென்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்டவருக்கு வீட்டுத் தொலைக்காட்சி எந்தளவுக்கு உதவும்?

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் பிபிசி வழியாகப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. பல பாடங்கள் அதிகாலையிலோ பின்னிரவிலோதான் வரும். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பித்தான் பார்க்க வேண்டும்; தவறவிட்டால் போனது போனதுதான். பிறகு வீடுகளுக்கு வீடியோ ரெக்கோடர் வந்தது. பதிவு செய்து, விளங்காத இடத்தில் நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். தொலைக்காட்சிப் பாடம் உண்மையிலேயே பயன்பட்டது அதன் பிறகுதான் என்பேன். 2006 டிசம்பரோடு அந்த ஒளிபரப்பு நின்றது. நிறுத்தலாம், திருப்பலாம் என்ற அந்த வசதிதான் பெரிது, மறந்துவிடாதீர்கள்.

நேரடி ஒளிபரப்பில் அந்த வசதி இல்லை. ஆகவே கொப்பி வேண்டும். பாடம் தொடங்குமுன் பதினைந்து நிமிடம் அந்த அலகை வாசித்து, மூன்று கேள்விகளை இடைவெளி விட்டு எழுதுங்கள். பார்க்கும்போது வசனங்களைப் பார்த்தெழுத வேண்டாம். எழுதி முடிக்குமுன் அடுத்த விஷயம் போய்விடும். கேள்விகளுக்கான விடையை மட்டும் குறியுங்கள். விளங்காத இடத்தில் எத்தனையாவது நிமிடம் என்று போடுங்கள். முடிந்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நூலைப் பாராமல் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள். அடுத்த நாடகம் தொடங்க விட்டால் பாதி மறந்துபோகும்.

இனி நம் மலைகளின் சங்கதி. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோதே பிதுருதலாகலையில் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. நாட்டின் அதியுயர் மலை அது. இருந்தும் அந்த அலைகள் நேர்கோட்டில் போவதால் மலை மறைக்கும் பள்ளத்து லயங்களில் படம் தெளியவில்லை. அதனால்தான் டிஷ் அன்டனா இத்தனை பரவியது. அதற்கும் அடைமழை பகை: மழைத்துளிகள் அலையை உறிஞ்சிவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிமழை வழமைதானே? மறு ஒளிபரப்பு காலையில் இருந்தால் அதைப் பாருங்கள். இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

வாசிகசாலையில் கூடிப் பார்ப்பவர்கள் 32 அங்குலத் திரைக்கு எட்டு அடிக்குள் அமருங்கள். அதற்குப் பின்னால் சின்ன எழுத்து தெரியாது.

பாடம் தயாரிப்பவர்களுக்கும் சொல்ல நிறைய இருந்தது. உயிர்க்கலம் பிரிவதைப் பற்றிப் பாடம் என்றால் அது பிரிவதைப் படத்தில் காட்டுங்கள், தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள் என்பதோடு விடுகிறேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. நிமிடம் குறித்தீர்களே, அந்தக் கேள்வியை அன்றிரவே வாட்ஸ்அப்பில் விரிவுரையாளருக்கோ கூடப் படிப்பவருக்கோ அனுப்புங்கள். ‘பாடம் விளங்கவில்லை’ என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘12ஆவது நிமிடத்தில் வரைபு ஏன் கீழே இறங்கியது?’ என்று கேட்டால் இரண்டு வரியில் பதில் வரும்.

வணக்கம்.