பால்மரப் பட்டைக்குள் நடக்கும் பிரிவு

(சுங்கை சிப்புட்டில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இந்த ஊரில் உயிரணுப் பிரிவைப் பற்றிப் பேச வந்தவன் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, விட்டு வேறெங்கே தொடங்குவது? பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து இருட்டிலேயே மர நிரைக்குப் போன நம் தாய்மார்களுக்கு, கத்தியை எவ்வளவு ஆழம் இறக்கலாம் என்பது கைப்பழக்கம். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது; கேம்பியம் என்று பெயர். கத்தி அதைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பட்டையை மிச்சம் வைத்து நிற்க வேண்டும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நிர்வகித்த ரிட்லி 1890-களில் வகுத்த வெட்டுமுறைக்கு இதுவே உயிர்நாடி. படலம் பிழைத்தால், சில ஆண்டுகளில் அதே இடத்தில் புதுப்பட்டை வந்து மறுபடியும் பால் தரும்.

எப்படி வருகிறது? கேம்பியத்தின் உயிரணு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. அதுதான் மைட்டாசிஸ். பால்மர உயிரணுவில் மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 36 உண்டு. பிரிவுக்கு முன்பே ஒவ்வொன்றும் தன்னைப் படியெடுத்து, இரட்டை இழையாக ஒட்டி நிற்கிறது. பிறகு சுருண்டு தடிக்கிறது. இரு முனைகளிலிருந்தும் கதிர்கோல் இழைகள் என்னும் மெல்லிய இழைகள் வந்து பற்றி, அவற்றை உயிரணுவின் நடுவே வரிசைகட்ட வைக்கின்றன.

இந்த இடத்தில் எனக்கு வியப்பு தீர்வதே இல்லை. 36-இல் ஒன்று சரியாகப் பற்றப்படாவிட்டாலும், அதற்காக மற்றவை காத்திருக்கின்றன! ஓர் இணை விலகாமல் ஒரே பக்கம் போனால், ஓர் உயிரணுவில் 37, மற்றதில் 35 என்றாகிவிடும். எல்லாம் பற்றப்பட்ட பின்னரே இணைகள் விலகி, பக்கத்துக்கு 36 சேர்கின்றன. நடுவே புதுச்சுவர் எழும்புகிறது. பாடநூல் இதை நான்கு நிலைகளாகப் பெயரிடுகிறது. தேர்வுக்கு அது வேண்டும், படியுங்கள். ஆனால் உயிரணுவுக்குள் அது இடைவிடாத ஒரே ஓட்டம்.

1882-இல் ஜெர்மானியர் வால்ட்டர் ஃபிளெமிங், பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில உயிரியான சாலமாண்டரின் குட்டிகளது உயிரணுக்களுக்குச் சாயமேற்றி, இந்தப் பிரிவைக் கண்டதை நூலாக்கினார். 1877-இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட பால்மரக் கன்றுகள் அப்போது வளர்ந்துகொண்டிருந்தன.

பிரிந்தவற்றுள் வெளிப்புறம் தள்ளப்பட்டவை பட்டையாகின்றன. பால்குழாய்களும் அவற்றிலிருந்தே உருவாகின்றன. உட்புறம் சேர்ந்தவை கட்டையாகின்றன. கத்தி ஆழமாக இறங்கிய இடத்திலோ பிரிவதற்கு உயிரணுவே இல்லை. சுற்றியுள்ளவை காயத்தை மூடப் பெருகி, பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. அதில் மறுபடி கத்தி ஓட்டியவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

மேசையில் நுண்ணோக்கி வைத்திருக்கிறோம். கீழே இருப்பது சாயமேற்றிய வெங்காய வேர்நுனி. அதில் 16 குரோமோசோம்கள். பெரும்பாலான உயிரணுக்களில் உட்கரு உருண்டையாகத்தான் தெரியும்; அவை இன்னும் பிரியத் தொடங்காதவை. நடுவே வரிசைகட்டி நிற்கும் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சிறுவர்கள் முதலில் வரட்டும்.