பாசிக்குள் வீசுங்கள்

வணக்கம். அழைத்ததற்கு நன்றி. கோடை வந்தால் டொரோண்டோவிலிருந்து நம்மவர்கள் குடும்பமாக ரைஸ் லேக் பக்கம் மீன் பிடிக்கப் போகிறார்கள். ஆனால் பலர் பாசி இல்லாத இடமாகத் தேடித்தான் தூண்டிலை வீசுகிறார்கள். லார்ஜ்மவுத் பாஸ் என்கிற பெரிய வாய் மீன் வேண்டுமென்றால் அந்தப் பாசிக்குள்தான் வீச வேண்டும்.

பீட்டர்பரோவுக்குத் தெற்கே இருக்கிற அந்த ஏரி நீளமானது, ஆனால் ஆழம் குறைவு. பல இடங்களில் வெயில் அடிவரைக்கும் இறங்குவதால் பாசி தழைத்து வளர்கிறது. சின்ன மீன்கள் அதற்குள் ஒளிய, பாஸ் அந்த நிழலிலேயே அசையாமல் நின்று, பக்கத்தில் வருவதை வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும். மூன்று முள் தொங்குகிற சாதாரண லூரை, அதாவது செயற்கை இரையை, அங்கே போட்டால் மீனுக்குப் பதில் ஒரு கட்டுப் பாசிதான் வரும்.

இதற்கு ஒரு பழைய சாமான் இருக்கிறது: பாசியில் மாட்டாத ஸ்பூன், அதாவது கரண்டி மாதிரி வளைந்த உலோகத் தகடு. ஸ்பூன் லூருக்கு அமெரிக்காவில் ஜூலியோ பியூல் காப்புரிமை வாங்கியது 1852இல். பாசிக்கென்றே செய்த ஜான்சன் சில்வர் மின்னோ 1920களில் வந்தது, இன்னும் கடையில் கிடைக்கிறது. ஒரே முள், அதுவும் தகட்டோடு அசையாமல் பொருத்தியது. இழுக்கும்போது முள் மேலே பார்க்கும், அதற்கு முன்னால் ஒரு கம்பி நின்று பாசியை விலக்கிவிடும். அந்தக் கம்பியை விரலால் அழுத்திப் பாருங்கள், லேசாக மடங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் மீன் கடித்தாலும் முள் ஏறாது.

அரை அவுன்ஸ் ஸ்பூன் போதும். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெள்ளி நிறம், கலங்கலாக இருந்தால் தங்க நிறம். முள்ளில் ஒரு மெல்லிய ரப்பர் வால் மாட்டினால் ஸ்பூன் மெதுவாகத் தாழும், ஆழமில்லாத இடத்தில் அது பெரிய உதவி. தங்கூசி என்கிற நைலான் நூல் வேண்டாம், அது இழுபடும். 50 பவுண்ட் பின்னல் நூல் போடுங்கள், பாசியை அறுத்துக்கொண்டு வரும்.

இப்போது முக்கியமான விஷயம், வேகம். ஸ்பூன் இடமும் வலமும் ஆட வேண்டும், சுழலக் கூடாது. சுழன்றால் மினுக்கம் கெட்டுப்போகும், நூலும் முறுக்கிக்கொள்ளும். அதனால் நூல் முறுக்காமல் சுழன்று கொடுக்கிற சுவிவல் ஒன்று போட்டு, ஸ்பூன் தண்ணீரில் விழுந்ததுமே ரீலைச் சுற்றத் தொடங்கி, தடியின் நுனியை உயர்த்திப் பிடித்து, பாசியின் தலையை உரசிக்கொண்டு வருகிற மாதிரி ஒரே சீராக இழுங்கள். நடுவில் பாசி இல்லாத ஒரு குழி வந்தால் சுற்றுவதை நிறுத்துங்கள். ஸ்பூன் படபடத்துக்கொண்டு கீழே விழும், அந்த விழுகையில்தான் பல கடிகள் வரும். கடித்தது தெரிந்ததும் உடனே வெட்டி இழுக்காதீர்கள். நூலில் பாரம் ஏறட்டும், அப்புறம் பலமாக இழுங்கள். முள் தடிப்பானது, மெதுவாக இழுத்தால் தைக்காது.

பாசியிலும் பச்சையாக இருப்பதைத் தேடுங்கள். இலையுதிர் காலத்தில் பழுப்பாகி அழுகுகிற பாசி தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் மீன் அங்கே நிற்பது குறைவு.

லைசென்ஸ் எடுக்காமல் போகாதீர்கள். அங்கே பாஸ் சீசன் ஜூன் மூன்றாம் சனிக்கிழமைதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஆண் மீன் கரையோரம் கூட்டில் முட்டையைக் காத்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத் திரும்ப விட்டால்கூட, அந்தச் சில நிமிடங்களில் சின்ன மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். சீசன் திறந்த முதல் வாரங்களில் பாசி பல இடங்களில் மேல்மட்டத்தை எட்டியிருக்காது, ஸ்பூனைப் பழகிப் பார்க்க அதுதான் சுலபமான நேரம்.